புல்வெளியை வாங்கிப் பூட்டி வைத்தால் போதாதா? ஃபோர்ட் காலின்ஸின் சோப்ஸ்டோன் பிரேரி பற்றி ஒரு பதில்

கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகராட்சி, ஊருக்கு வடக்கே சுமார் 25 மைல் தள்ளி, வயோமிங் எல்லையைத் தொட்டுக்கொண்டு சோப்ஸ்டோன் பிரேரி என்ற பெரிய புல்வெளியைச் சொந்தமாக வைத்திருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்: ஒரு நகராட்சிக்கு இதற்குக் காசு எங்கிருந்து வருகிறது, சும்மா விட்டாலே காடாகிவிடும் இடத்துக்கு ஏன் செலவு, மரம் நடலாமே, காட்டுயிருக்காக வாங்கிய இடத்தில் ஏன் மாடு மேய்கிறது, டென்வரிலிருந்து குடும்பத்தோடு போகலாமா. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான் என்று நினைக்கிறேன். விலங்குக்கும் மனிதருக்கும் சேர்த்து ஒரு புல்வெளியைக் காப்பது என்றால், வாங்கி வேலி போட்ட பிறகு செய்ய என்ன இருக்கிறது? மேய்ச்சல் நில மேலாண்மையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிலம் வாங்குவது மொத்த வேலையில் சின்னப் பங்கு. மிச்ச வேலைக்கு முடிவே கிடையாது.

முதலில் காசு. 1992இல் ஃபோர்ட் காலின்ஸ் வாக்காளர்கள் இயற்கை நிலங்களுக்கென்று கால் சதவீத விற்பனை வரிக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் இருபத்தைந்து சென்ட். 2002இல் நடந்த வாக்கெடுப்பில் அதை 2030 வரை நீட்டித்தார்கள். நகரம் அமைந்திருக்கும் லாரிமர் கவுன்டிக்கும் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) 1995இல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட இதே மாதிரியான வரி தனியாக உண்டு. மூன்றாவது ஊற்று மாநில லாட்டரி வருமானம். 1992இல் கொலராடோ அரசியல் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி அதில் ஒரு பங்கு திறந்தவெளிகளுக்கும் காட்டுயிருக்கும் போகிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் 2004 முதல் சோப்ஸ்டோனையும், அதை ஒட்டி மேற்கே இருக்கும் கவுன்டியின் ரெட் மவுன்டன் திறந்தவெளியையும் வாங்க வழி செய்தன. இரண்டும் 2009 கோடையில் பொதுமக்களுக்குத் திறந்தன. சோப்ஸ்டோன் சுமார் 20,000 ஏக்கர், ரெட் மவுன்டன் சுமார் 15,000 ஏக்கர். கிழக்கே நகராட்சியின் கழிவுநீர்த் துறை 1990இல் வாங்கிய மெடோ ஸ்பிரிங்ஸ் பண்ணை வேறு இருக்கிறது. சுத்திகரிப்பில் மிஞ்சும் பதப்படுத்திய திடக்கழிவை மேய்ச்சல் நிலத்துக்கு உரமாக இறைப்பதற்காக வாங்கிய இடம் அது. இன்று மலையடிவாரத்திலிருந்து சமவெளி வரை அறுபடாத நிலப்பட்டையில் ஒரு கண்ணியாக அதுவும் நிற்கிறது.

இந்த வரியில் எனக்குப் பிடித்தது அதன் அளவைவிட அதன் உறுதி. ஆண்டுதோறும் நகரமன்றத்தில் கையேந்த வேண்டியதில்லை என்றால்தான் ஒரு பண்ணைக் குடும்பத்தோடு மூன்று நான்கு ஆண்டுகள் பொறுமையாகப் பேச முடியும். எல்லா நிலத்தையும் முழு விலை கொடுத்து வாங்குவதும் இல்லை. பல இடங்களில் பண்ணைக்காரர் நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதைப் பிளாட் போடும் உரிமையை மட்டும் நிரந்தரமாக விற்றுவிடுவார். வீடு கட்டலாம் என்றால் நிலத்துக்கு என்ன மதிப்பு, கட்டவே கூடாது என்றால் என்ன மதிப்பு என்று மதிப்பீட்டாளர் இரண்டு கணக்குப் போடுவார். இடையிலுள்ள வித்தியாசம்தான் விலை. மாடு தொடர்ந்து மேயும், குடும்பம் தொடர்ந்து பிழைக்கும், வீட்டுமனை மட்டும் வராது. இதில் மாட்டிக்கொள்ளும் இடம் கனிம உரிமை. கொலராடோவில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும், கீழே உள்ள எண்ணெய் எரிவாயு வேறொருவருக்கும் சொந்தமாக இருப்பது சகஜம். அந்தப் பத்திரத்தைத் தேடிப் பார்க்காமல் வாங்கினால், பாதுகாத்த புல்வெளி நடுவிலேயே ஒருநாள் துளையிடும் மேடை எழலாம். சட்டப்படி அதைத் தடுப்பது மிகக் கடினம்.

மரம் நடலாமே என்ற கேள்விக்கு வருகிறேன். அங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 350 முதல் 400 மில்லிமீட்டர். பெரும்பகுதி வசந்தத்திலும் முன்கோடையிலும் விழுகிறது. காற்று ஓயாது. அந்த ஈரத்துக்குப் பழகியவை குட்டைப் புற்கள். நீல கிராமா என்ற புல்லைக் குனிந்து பாருங்கள். இலை நான்கைந்து அங்குலத்தைத் தாண்டாது. தண்டின் நுனியில் ஒரு பக்கமாக மட்டும் வளைந்து நிற்கும் கதிர், கண் இமை மயிர் போல இருக்கும். தரைக்கு மேலே தெரிவதைவிடத் தரைக்கு அடியில் பல மடங்கு எடை வேராக இருக்கிறது. மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும், கரிமத்தைச் சேமிப்பதும் அந்த வேர்தான். அங்கே நட்ட மரம் தண்ணீர் ஊற்றாமல் பிழைக்காது. பிழைத்தாலும் கெடுதல்தான். தரையில் முட்டையிடும் பறவைகளின் கூட்டை உளவு பார்க்கப் பருந்துக்கும் காகத்துக்கும் அது உட்காரும் இடமாகிவிடும். மலை உப்புக்கொத்தி போன்ற பறவைகள், சுற்றிலும் வெறுந்தரை தெரிந்தால்தான் கூடு வைக்கும். நம் நீலகிரியில் சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்து வாட்டிலும் யூகலிப்டசும் நட்டதன் விளைவை வனத்துறை இன்றும் வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது. புல்வெளி என்பது காடாகத் தவறிய நிலம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. அது தவறு.

அடுத்தது மாடு. பிரேரிப் புல் பல ஆயிரம் ஆண்டுகளாகக் கடிபட்டே வளர்ந்தது. சோப்ஸ்டோனுக்குள் இருக்கும் லிண்டன்மையர் தொல்லியல் களம் 1924இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1934 முதல் 1940 வரை ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஃபிராங்க் ராபர்ட்ஸ் அங்கே அகழாய்வு செய்தார். பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய ஃபோல்சம் என்ற பழங்காலப் பண்பாட்டு வேட்டைக்காரர்களின் கல்முனைகளோடு, இன்று அழிந்துபோன பெரிய பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) இனத்தின் எலும்புகளும் கிடைத்தன. ஒரு முதுகெலும்பில் கல்முனை குத்தியபடியே இருந்தது. அவ்வளவு காலமாக மேய்ச்சல் நடந்த நிலம் அது. மேய்ச்சலை அடியோடு நிறுத்தினால் பழைய புல் காய்ந்து குவியும், சில இடங்களில் களை மேலெழும், குட்டைப் புல்லை நம்பும் பறவைகள் விலகும். அதனால்தான் உள்ளூர் மாட்டுக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டு, எங்கே எப்போது எத்தனை மாடு என்பதை நகராட்சி ஒப்பந்தத்தில் எழுதுகிறது.

அந்த எண்ணிக்கையைக் கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாத் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. சராசரி மழை பெய்த ஆண்டில் இந்த மாதிரி நிலம் ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ காய்ந்த புல் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கால் பங்கை மட்டுமே மாட்டின் வாய்க்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்தத்தில் பாதி புல்லின் உயிருக்காக நிற்கவேண்டியது, மீதிக் கால் பங்கு மிதிபடுவதும் பூச்சிக்கும் முயலுக்கும் போவதும். ஆக ஏக்கருக்கு 100 கிலோ. கன்றோடு கூடிய ஒரு பசு மாதத்துக்கு ஏறத்தாழ 350 கிலோ தின்னும். அப்படியானால் ஒரு பசுவுக்கு ஒரு மாதத்துக்கு மூன்றரை ஏக்கர், ஐந்து மாதப் பருவத்துக்குப் பதினேழு பதினெட்டு ஏக்கர். வறட்சி ஆண்டில் புல் பாதியாகக் குறைந்தால் மாட்டையும் பாதியாகக் குறைக்க வேண்டும். அந்த முடிவை ஜூன் தொடக்கத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதுவரை பெய்த மழையே அந்த ஆண்டுப் புல்லைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடும். ஆகஸ்டில் விழித்துக்கொண்டால் புல்லின் அடிக்கட்டை வரை போயிருக்கும். இன்னொரு சிக்கல், மாடு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியே மேயும். தொட்டியிலிருந்து அரை மைலுக்குள் மொட்டையாகவும், இரண்டு மைல் தள்ளித் தொடாமலும் கிடக்கும். ஆகவே எண்ணிக்கையை மட்டும் சரிசெய்தால் போதாது. தொட்டிகளைத் திறந்து மூடி, மாடு நக்கும் உப்புக்கட்டியைத் தள்ளி வைத்து, மந்தையை நகர்த்த வேண்டும்.

பைசன் இதில் எப்படி வேறுபடுகிறது என்பது பலரும் கேட்பது. 2015 நவம்பரில் சோப்ஸ்டோனில் பத்து பைசன்களை விட்டார்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா மந்தையின் மரபு அவற்றுக்கு உண்டு. ஆனால் யெல்லோஸ்டோன் மந்தையில் புரூசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோய் இருப்பதால் அங்கிருந்து அப்படியே கொண்டுவர முடியாது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் இனப்பெருக்க ஆய்வகம் கருக்களைக் கழுவி வேறு தாய்க்கு மாற்றுவது, செயற்கைக் கருவூட்டல் போன்ற வழிகளில் நோயில்லாத கன்றுகளை உருவாக்கியது. நகராட்சி, கவுன்டி, பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து நடத்தும் இந்த மந்தையிலிருந்து பூர்வகுடி மக்களின் மந்தைகளுக்கும் மற்ற பாதுகாப்பு மந்தைகளுக்கும் விலங்குகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. பைசன் தண்ணீரை விட்டு வெகுதூரம் போய் மேயும், புல்லையே அதிகம் தின்னும், மண்ணில் புரண்டு புரண்டு சில அடி அகலத்துக்குப் பள்ளம் பறிக்கும். மழையில் அந்தப் பள்ளம் நிறைந்து தவளைக்கும் வேறு செடிகளுக்கும் இடமாகும். இதுவரை உறுதி. ஆனால் மிதமான எண்ணிக்கையில் நன்றாக மேய்க்கப்படும் மாட்டைவிட, வேலிக்குள் இருக்கும் சிறிய பைசன் மந்தை புல்வெளிக்குத் தெளிவாக நல்லது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. பல்லாயிரம் பைசன்கள் நூற்றுக்கணக்கான மைல் நடந்ததன் விளைவை ஓர் அடைப்புக்குள் எதிர்பார்க்க முடியாது. இரண்டையும் தக்க இடத்தில் வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை.

வேலியைப் பற்றி ஒரு சொல். புரோங்ஹார்ன் என்ற மான் போன்ற விலங்கு மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல் ஓடும், ஆனால் வேலியைத் தாண்ட அனேகமாக முயலாது. கீழே குனிந்து ஊர்ந்துதான் போகும். அதனால் அடிக்கம்பி முள்ளில்லாத கம்பியாக, தரையிலிருந்து 16 அங்குலமாவது, முடிந்தால் 18 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். மேல்கம்பி 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மேலிரண்டு கம்பிகளுக்கும் இடையே 12 அங்குலம் விட வேண்டும், இல்லாவிட்டால் தாண்டும் மானின் பின்னங்கால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே முறுக்கிக்கொண்டு அங்கேயே தொங்கிச் சாகும். ஆட்டுக்குப் போட்ட பழைய பின்னல்வேலி கிடந்தால் முதல் வேலையாக அதைப் பிடுங்க வேண்டும். பணம் குறைவாக இருக்கும் ஆண்டில்கூட இதைத் தள்ளிப் போடக் கூடாது என்பேன். செலவழித்த மறுநாளே பலன் தரும் வேலை இந்த நிலத்தில் வேறெதுவும் இல்லை.

மிகவும் கடினமான பகுதி பிரேரி நாய். அணில் குடும்பத்தைச் சேர்ந்த இந்த வளைவாழ் விலங்கு புல்லைக் கத்தரித்து மொட்டையாக்கும் என்று மாட்டுக்காரர்களுக்கு ஆகாது. ஆனால் அதன் வளையில்தான் வளை ஆந்தை குடியிருக்கிறது, அது மொட்டையடித்த தரையில்தான் மலை உப்புக்கொத்தி முட்டையிடுகிறது. கருங்கால் ஃபெரெட் என்ற அரிய வேட்டை விலங்கு பிரேரி நாயைத் தின்றே உயிர் வாழ்கிறது, ஆண்டுக்கு நூறுக்கு மேல். ஃபெரெட் அற்றுப்போய்விட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1981இல் வயோமிங்கின் மீட்டீட்ஸி பக்கத்தில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கொன்று கவ்விக்கொண்டு வந்ததால்தான் மிச்சம் இருப்பது தெரிந்தது. இன்று இருப்பவை ஏறத்தாழ எல்லாமே பிடித்து வந்த 18 விலங்குகளில் ஏழின் வாரிசுகள். சோப்ஸ்டோனில் 2014இல் ஃபெரெட் விடப்பட்டது. கணக்கெடுப்பு இரவில் நடக்கும். வண்டியில் மெதுவாகப் போய்க்கொண்டே விளக்கை வீசினால் வளை வாயில் மரகதப் பச்சையாக இரண்டு கண்கள் திரும்பும்.

ஃபெரெட்டுக்கு எதிரி பிளேக். 1900 வாக்கில் சான்பிரான்சிஸ்கோ துறைமுகம் வழியாக வந்த நோய் அது. தெள்ளுப்பூச்சி வழியாகப் பிரேரி நாய்க் குடியிருப்பில் புகுந்தால் சில வாரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சாகும். ஃபெரெட்டும் சாகும், தப்பியது பட்டினியில் சாகும். பிரேரி நாய்க் குடியிருப்பில் அதைத் தடுக்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிப் பொடியை வளைக்கு நான்கைந்து கிராம் வீதம் உள்ளே ஊதுவது. ஒரு ஏக்கருக்குப் பல பத்து வளை வாய்கள் இருக்கும், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும். நன்றாக வேலை செய்யும், ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரே மருந்தைப் போட்டால் பூச்சி அதற்குப் பழகிவிடுகிறது, வளையிலுள்ள மற்ற பூச்சிகளும் சாகின்றன. மற்றது, வேர்க்கடலை மணமுள்ள உருண்டையில் தடுப்பு மருந்தை வைத்து இறைப்பது. இது பிரேரி நாயின் சாவைக் குறைக்கிறது, ஆனால் ஃபெரெட் குடும்பம் நிலைக்கும் அளவுக்குத் தனியாகக் கைகொடுக்கும் என்று இன்னும் சொல்ல முடியாது. ஆகவே ஃபெரெட் திரும்ப வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், மனிதர் கைவிடாத வரைக்கும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

களையில் பெரிய தலைவலி சீட்கிராஸ். ஐரோப்பா, ஆசியாப் பக்கத்திலிருந்து வந்த ஓராண்டுப் புல். இலையுதிர் காலத்திலேயே முளைத்து, மற்றவை விழிக்குமுன் ஈரத்தை உறிஞ்சி, ஜூனில் காய்ந்து நெருப்புக்குத் தயாராக நிற்கும். விதை மண்ணில் மூன்று முதல் ஐந்து ஆண்டுதான் உயிரோடு இருக்கும் என்பது நமக்குச் சாதகம். முளைக்குமுன், கோடை இறுதியில் இன்டாசிஃபிளாம் என்ற மருந்தை ஏக்கருக்கு ஐந்து திரவ அவுன்ஸ் தெளித்தால் மூன்று ஆண்டு வரை புது வேர் இறங்காது, நிலைத்த பழைய புற்கள் தப்பிக்கும். ஆனால் அதே காரணத்தால் அந்த இடத்தில் விதைத்தாலும் முளைக்காது. பழைய புல் போதுமான அளவு உயிரோடு இருக்கும் இடத்தில் மட்டும்தான் இது பயன்.

முன்பு உழுத நிலத்தை மீட்பது இன்னும் மெதுவான வேலை. நீல கிராமா நாற்றுக்கு முதலில் ஒரே ஒரு மெல்லிய வேர்தான். அதை வைத்து ஒன்றரை மாதம்தான் தாக்குப்பிடிக்கும். அதற்குள் மேல்மண் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் ஈரமாக இருந்தால்தான் இரண்டாம் வேர் விடும். இந்த மழை ஒத்துவராத ஆண்டுகளே அதிகம். 1930களின் வறட்சியில் கைவிட்ட வயல்களில் ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் இந்தப் புல் முழுதாகத் திரும்பவில்லை என்பதற்கு இதுதான் காரணம். விதைக்கும்போது உழாமல், புல்விதைக்கான டிரில் என்ற விதைப்புக் கருவியால் கால் முதல் அரை அங்குல ஆழத்தில் போட வேண்டும். ஆழமாகப் போனதே பெரும்பாலான தோல்விக்குக் காரணம். வாங்குவது உயிருள்ள தூய விதையின் கணக்கில் இருக்கட்டும்: தூய்மை 90 சதவீதம், முளைப்பு 80 சதவீதம் என்றால் 100 கிலோ மூட்டையில் 72 கிலோதான் விதை. டெக்சஸ் பக்க விதை வட கொலராடோவின் குளிரில் நிலைக்காது. முதல் இரண்டு கோடையில் களை விதை கட்டுமுன் ஐந்தாறு அங்குல உயரத்தில் வெட்டிவிட்டு, புல் இழுத்தால் பிடுங்காமல் நிற்கும் வரை மாட்டை விடக் கூடாது.

பொதுமக்கள் விஷயத்தில் நகராட்சி கடுமையாக இருக்கிறது, அது சரி என்றே எனக்குப் படுகிறது. சோப்ஸ்டோனுக்குள் நாய் கூடாது, கட்டிவைத்தாலும் வண்டிக்குள் வைத்திருந்தாலும் கூடாது. நாயின் வாசனையே தரையில் கூடு வைத்த பறவையை எழுப்பிவிடும், பிரேரி நாயின் தெள்ளு நாய்மேல் ஏறினால் பிளேக் வீட்டுக்கே வரும். டிசம்பர் தொடங்கி பிப்ரவரி முடியும் வரை முழுதும் மூடல், குளிரில் பட்டினியோடு இருக்கும் விலங்குகளை ஓடவைத்தால் சேமித்த கொழுப்பு போய்விடும். ஃபெருஜினஸ் பருந்து என்ற செந்நிறப் பருந்தின் கூட்டைச் சுற்றி அரை மைல் தள்ளியே பாதை போக வேண்டும் என்பது மாநில வழிகாட்டல். ஈரமான நாளில் பாதையை மூடுவதும் இதே மாதிரிதான். சேற்றைத் தவிர்க்க ஆள் ஒதுங்கி ஒதுங்கி நடந்தால் இரண்டடிப் பாதை ஒரே வசந்தத்தில் பத்தடியாகும், அந்த ஓரத்தில்தான் சீட்கிராஸ் முதலில் காலூன்றும்.

டென்வரிலிருந்து குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. மே கடைசியும் ஜூனும் நல்ல நேரம், பூக்களும் பறவைகளும் அப்போதுதான். செப்டம்பரில் வெயில் குறைவு. கடைசி சில மைல் மண்சாலை, மழை பெய்தால் சாதாரணக் கார் திணறும். குடிநீர் கிடையாது, ஆளுக்கு மூன்று லிட்டராவது கொண்டுபோங்கள். நிழலும் கிடையாது, ஆகவே சிறு பிள்ளைகள் இருந்தால் லிண்டன்மையர் களத்தைப் பார்க்கும் குட்டைப் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்முனை மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காமல் அப்படியே விட்டு, இடத்தைக் குறித்து ஊழியரிடம் சொல்லுங்கள், கிடந்த இடம் தெரியாமல் போனால் அதன் செய்தி பாதி போய்விடும். கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு, புல்லுக்குள் கை விடாதீர்கள். கோடையில் மதியம் ஒரு மணிக்கு மேல் மின்னல் வரும், உயரமான எதுவும் இல்லாத வெளியில் நீங்கள்தான் உயரம், ஆகவே பன்னிரண்டுக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுங்கள். பைசனைப் பார்க்க வேண்டும் என்றே போனால், அது பெரிய அடைப்பில் எந்த மூலையிலும் இருக்கலாம் என்பதால் ஒரு பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே போதும், உள்ளே போக வேண்டாம். களை விதை ஒட்டிவராமல் இருக்க, கிளம்புமுன் பூட்ஸின் அடியைத் தேய்த்துவிட்டுப் போங்கள், திரும்பும்போதும் ஒருமுறை.